விருந்து முடியட்டும்

மேசை ஆடியது. சம்பூர்ணம் குனிந்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய காலண்டர் அட்டையை மடித்துச் செருகினாள். மறுபடி ஆட்டிப் பார்த்தாள். இப்போது நின்றது.

உண்மையில் அது மேசையே இல்லை, உள்ளறையின் கதவு. முந்தின நாள் மாலை, கோலார் தங்கவயலிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த கொழுந்தன் நோயல் சுத்தியலால் தட்டி அதைக் கீலிலிருந்து கழற்றினான். இரண்டு டிரங்குப் பெட்டிகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதன்மேல் கதவைப் போட்டது அவள் புருஷன் சாலமன். தாழ்ப்பாள் பக்கத்தைக் கீழே திருப்பி, கஞ்சி போட்டுத் தேய்த்த தன் எட்டு முழ வேட்டியை மேலே விரித்து, நாலு பக்கமும் ஒரே அளவில் தொங்குகிறதா என்று சாண் போட்டுப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் பட்லராக இருந்த கை, கதவென்றாலும் அப்படித்தான் அளக்கும்.

அந்த முப்பத்தோரு வருஷமும் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரே பங்களாவில்தான். நாற்பத்தேழில் வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறியபோது பங்களாவை விற்றுவிட்டுப் போனார். வாங்கிய எஸ்தர் அம்மாவின் குடும்பத்துக்கு நாற்காலி, அலமாரி, பியானோ, சாலமன் எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. துரை இருந்தாலும் எஸ்தர் அம்மா இருந்தாலும் கிறிஸ்துமஸ் அன்று சாலமன் அங்கேதான். அவர்களுக்குப் பந்தி வைத்து, பரிமாறி, கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு மர்பி டவுனில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருக்கும். சம்பூர்ணமும் மகள் டோரதியும் தரையில் உட்கார்ந்து எப்போதோ சாப்பிட்டிருப்பார்கள். ஆறிப்போன சோற்றை அவர் அடுப்படியிலேயே குந்தி உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு கிறிஸ்துமஸ் கூட அவர்கள் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஆகஸ்டில் நெஞ்சு வலி வந்து வேலையை விட்டார். "இந்த வருஷம் நம்ம வூட்லதான் டேபிள். நீ மகாராணி மாதிரி உக்காரு, நான் எதிர்ல உக்காருவேன்" என்று செப்டம்பரிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் வெளியே சிரித்தாலும் உள்ளே நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் பங்களாவிலிருந்து கார் வந்தது. புது ஆளுக்கு நாப்கின் மடிக்கத் தெரியவில்லையாம், பதினாலு பேர் வருகிறார்களாம், ஒரே ஒரு நாள் சாலமன் வந்து போகவேண்டுமாம்.

"போவாத. உனுக்கு நெஞ்சு சரியில்லன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா? இந்த ஒரு நாளாச்சும் எங்களுக்குக் குடுக்கக் கூடாதா?" என்று சம்பூர்ணம் கத்தினாள்.

"டேபிள் வச்சிக் குடுத்துட்டு வந்துடறேன். பரிமாற ஆளு கீறாங்க. ஒரு மணிக்கு நான் இங்க உக்காந்திருப்பேன், பாரு."

இதில் அவளுக்கு எரிச்சல் மூட்டியது கார் வந்ததுகூட இல்லை. கார் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டைத் தானே எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்ட மனுஷனுக்கு அந்தக் கோட்டை விட மனசில்லை.

இன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் போய்விட்டார். சம்பூர்ணமும் டோரதியும் நோயலும் கோவில் ஆராதனைக்குப் போய்வந்து, இப்போது மணி பன்னிரண்டரை.

சம்பூர்ணம் தட்டுகளை வைத்தாள். எனாமல் தட்டு இரண்டு, அலுமினியத் தட்டு ஒன்று, விளிம்பு உடைந்த பீங்கான் ஒன்று. பீங்கான் அவருக்கு. உடைந்த பக்கம் சுவர்ப்புறம் பார்க்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தார். தண்ணீருக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்கள். உப்புக்குச் சுரண்டித் தேய்த்த கொட்டாங்கச்சி. நடுவில் பித்தளைச் சொம்பு நிறைய சாமந்தி. குழம்பு ஊற்ற மூக்கு வைத்த கிண்ணம் வேண்டும் என்றார், அந்த மாதிரி இந்த வீட்டில் ஏது? கடைசியில் டோரதி குழந்தையாக இருந்தபோது பாலூட்டிய பாலாடையைத் தேடி எடுத்துப் புளி போட்டு விளக்கினார். "துரை வூட்ல வெள்ளியில இருந்திச்சு. மூக்கு ஒண்ணுதான், குழம்பு ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

கரண்டிக்குப் பஞ்சமில்லை. கத்திதான் பெரும்பாடாக இருந்தது. காய் நறுக்கும் கத்தி சம்பூர்ணத்துக்கு, நோயலுக்கு அவனுடைய மடக்குக் கத்தி, அவருக்குப் பக்கத்து வீட்டு முத்தம்மாவின் கத்தி. டோரதிக்குத் தோசைத் திருப்பி. "சிரிக்காத. மீன் கத்தி இந்த ஷேப்புலதான் இருக்கும்" என்றார் மகளிடம்.

பிறகு சாப்பிடும் முறையைப் பற்றி ஒரு பிரசங்கம். தட்டில் கத்தி ஒரு பக்கமும் கரண்டி ஒரு பக்கமும் தள்ளிக் கிடந்தால் சாப்பிடுகிறவர் இன்னும் முடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து நேராக வைத்துவிட்டால் முடித்தாயிற்று, தட்டை எடுக்கலாம். அதுவரைக்கும் பட்லர் சுவரோரமாக நிற்க வேண்டும், கால் கடுத்தாலும் பசி காதை அடைத்தாலும் நகரக் கூடாது. எஸ்தர் அம்மாவுக்கே இது தெரியாதாம். பங்களா வாங்கிய புதிதில், பெரிய மனுஷர்கள் எதிரே அந்தம்மா கரண்டியை எங்கே வைப்பதென்று தடுமாறியபோது, சாலமன்தான் சுவரோரம் நின்று கண்ஜாடையில் சொல்லிக் கொடுத்தார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மைதா மூட்டைத் துணியை டோரதி சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்திருந்தாள். அதை அவர் பிஷப் தொப்பி போல மடித்துத் தட்டுக்கு ஒன்றாக நிறுத்தியிருந்தார். நாலு தொப்பிகளும் சாயாமல் நின்றன.

ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது.

"உங்கப்பன் வரமாட்டான்டி. கேக் வெட்றதப் பாத்துட்டு, கோட்டு மேல பூ குத்திக்கினு நிப்பான்" என்றாள் சம்பூர்ணம். இரண்டு மணிக்குக் குரல் உயர்ந்தது. "வரட்டும், சோத்தத் தூக்கி நாய்க்குப் போடறேன். முப்பத்தோரு வருஷம் ஏமாந்தேன், இன்னிக்கும் ஏமாந்தேன்." நோயல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். புலவும் கறிக்குழம்பும் ஆறி மேலே கொழுப்பு படிந்தது. மூன்று மணி, நாலு மணி. யாரும் சாப்பிடவில்லை. சம்பூர்ணம் வைது ஓய்ந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, மறுபடி வைதாள்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது.

டிரைவர் பச்சைமுத்து இறங்கிவந்து வாசற்படியில் நின்றான். முண்டாசுத் துணி கையில் இருந்தது. "அக்கா" என்றான்.  நோயல்தான் காருக்கு ஓடினான்.

சம்பூர்ணம் மேசைமேல் இருந்ததை எல்லாம் இரண்டு கையாலும் வழித்து மூலையில் வைத்தாள். டோரதி நாப்கின்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி மாடத்தில் வைத்தாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேட்டி விரித்த கதவின்மேல் சாலமனைப் படுக்க வைத்தார்கள்.

காலை நீட்டிப் படுக்க வைக்க முடியவில்லை. முதுகு கதவில் பட்டது, கால்கள் மடங்கியே நின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனை அப்படியே மல்லாத்தினாற்போல இருந்தார். வாய் திறந்திருந்தது. வெள்ளைக் கோட்டின் பித்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன.

"மூணரை மணிக்குக்கா. திடீர்னு நெஞ்சப் புடிச்சினு…" என்றான் பச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு.

முத்தம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக ஆயா வேலை. அந்தத் தெருவில் இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் யார் செத்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து முட்டியில் ஒற்றினாள். தாடையைத் தொட்டாள். விரல்களை நீட்டிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"யாரு மூணரைன்னு சொன்னது?"

"டிரைவரு."

"வாயக்கூடக் கட்டல பாரு. பக்கத்துல ஒரு மனுஷன் இருந்திருந்தா முதல்ல அதத்தான் செய்வான். தாட இறுகிப் போச்சு, கையி இறுகிப் போச்சு, முட்டி இறங்க மாட்டேங்குது. இது இப்ப போன உசுரு இல்ல சம்பூர்ணம். மத்தியானத்துக்கு முன்னாடியே போயிடிச்சு. உக்காந்த வாக்குல வுட்டுட்டாங்க."

சம்பூர்ணம் அழவில்லை. ஈரக் கையோடு வெளியே போனாள். பச்சைமுத்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தினி மணிக்கு?"

"அக்கா…"

"உன் புள்ளைங்க மேல ஆணையா சொல்லு. எத்தினி மணிக்கு?"

அவன் அழுதுவிட்டான். "பதினொன்னே கால் இருக்கும்க்கா. டேபிளெல்லாம் வச்சி முடிச்சிட்டாரு. ஸ்டோர் ரூம்ல உக்காந்து கடைசி நாப்கின மடிச்சினு இருந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாரு. விருந்துக்கு முன்னாடியே வந்துட்ட டாக்டரு ஒருத்தரு பாத்துட்டு முடிஞ்சி போச்சுன்னாரு. நான் அப்பவே வண்டி எடுக்கறேன்னு கேட்டேன்க்கா. அம்மா வாணாம்னுட்டாங்க. 'விருந்தாளிங்க சாப்பிட்டு முடியட்டும் பச்சைமுத்து, குழந்தைங்க பயந்துக்கும்'னாங்க. ஸ்டோர் ரூம சாத்திட்டாங்க."

"எப்ப உக்காந்தாங்க?"

"ஒரு மணிக்கு."

"இன்னா சாப்பிட்டாங்க?"

"அது எதுக்குக்கா?"

"சொல்லு."

"சூப்பு. மீனு. வான்கோழி. அப்புறம் புட்டிங்கு, காபி. பாட்டு பாடுனாங்க. அல்லாரும் போறதுக்கு நாலரை ஆயிடிச்சு."

சம்பூர்ணம் கேட்டுக்கொண்டே நின்றாள்.  ஒரு மணியிலிருந்து அவள் அவரை வைதுகொண்டிருந்தாள். நாய்க்குப் போடுகிறேன் என்று சொன்னாள். அப்போது அவர் இருட்டறையில், கதவுக்கு அந்தப்பக்கம் தட்டுச் சத்தம் கேட்க, வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பாவத்தையும் எஸ்தர் அம்மாதான் அவள் தலையில் சுமத்தியிருந்தார்.

"நாளிக்கி அம்மா பத்து மணிக்கு வராங்களாம்க்கா. மாலை வைக்க. பன்னெண்டுக்குள்ள திரும்பணுமாம், வூட்டுக்கு ஆளுங்க வராங்களாம்" என்றான் பச்சைமுத்து.

"வரட்டும்" என்றாள்.

உள்ளே முத்தம்மா மெல்ல மெல்ல அழுத்தி முட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். கால் நீள்வதற்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சவப்பெட்டி வந்தது. சாலமனை அதில் கிடத்தி உள்ளறையில் இரண்டு முக்காலிகளின்மேல் வைத்தார்கள். அந்த அறைக்குக் கதவு இல்லையாகையால் முன்னறையிலிருந்து பார்த்தாலே அவர் பாதங்கள் தெரிந்தன. மூன்று மணிக்கு அடக்கம், கல்பள்ளிக் கல்லறையில் குழி வெட்ட ஆள் போயாகிவிட்டது. கோவிலிலிருந்து உபதேசியார் வந்து ஜெபம் செய்துவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போனார். வாசலில் தெருக்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்குச் சம்பூர்ணம் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வேட்டி அவரோடு போய்விட்டது. அதனால் தன் வெள்ளைக் கல்யாணப் புடவையை எடுத்து உதறினாள். பெட்டியை மூடி நிறுத்தி, கதவை மறுபடி ஏற்றி, புடவையை நாலாக மடித்து அதன்மேல் விரித்தாள். நாலு பக்கமும் சாண் போட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இன்னாம்மா பண்ற?" என்றாள் டோரதி.

"தட்ட எடு."

மூலையில் கிடந்ததெல்லாம் மேலே ஏறின. எனாமல், அலுமினியம், பீங்கான். ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கொட்டாங்கச்சி, சாமந்திச் சொம்பு. நேற்றைய புலவு, அடுப்பு மூட்டாமல் அப்படியே வந்தது. பாலாடையில் குழம்பு உறைந்திருந்தது. கடைசியில் மாடத்திலிருந்து நாலு தொப்பிகள்.

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. நோயல் வெளியிலிருந்து பாய்ந்து வந்தான். "அண்ணி! உங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சிப் போச்சா? பொணம் வூட்ல இருக்குது. தூக்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது நம்ம ஜனத்துக்கு. தெரு சிரிக்கும்."

சம்பூர்ணம் பீங்கான் தட்டின் உடைந்த பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பி வைத்தாள்.

"உங்க அண்ணன் பொணமா உக்காந்திருந்தப்ப அங்க பதினாலு பேரு சாப்பிட்டாங்க. சூப்பு, மீனு, வான்கோழி. தெரு சிரிக்கல. நாம நாலு பேரு சாப்பிட்டா இன்னா குடி முழுகிடும்? இந்த டேபிளு அவரு நமக்குன்னு வச்சது. இதுல ஒரு வாய் துன்னாம நான் அவர அனுப்ப மாட்டேன். உக்காரு நோயலு."

டோரதி முதலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்த நோயல், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மண்ணெண்ணெய் டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சம்பூர்ணம் முத்தம்மாவைக் கூப்பிட்டுப் பீங்கான் தட்டைக் காட்டினாள்.

"அது அவரு எடமாச்சே" என்றாள் முத்தம்மா.

"அவரு கால நீட்டி வுட்டவ நீ. நீ உக்காரு."

சம்பூர்ணம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டில் தொப்பி நின்றது. அதைப் பிரிக்காமல் சாப்பிட முடியாது. பிரித்தால் அவர் விரல் வைத்து அழுத்திய மடிப்பு போய்விடும். கை ஒரு நிமிஷம் அதன்மேலேயே நின்றது. பிறகு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். மைதா மூட்டைத் துணி மடியில் விரிந்தது. மில் பெயரின் நீல எழுத்து இன்னும் முழுசாகப் போகவில்லை.

அப்போதுதான் கார் வந்து நின்றது.

எஸ்தர் அம்மா கறுப்புப் புடவையில் வந்தார். பெரிய மலர் வளையத்தைத் தானே தூக்கி வந்தார். பின்னால் பச்சைமுத்து, மூடி போட்ட ஒரு பாத்திரத்தோடு வந்தான். அந்தம்மாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. நிஜமாகவே அழுதிருக்கிறார். அதைப் பார்த்ததும் சம்பூர்ணத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வாசல் நிலையைத் தாண்டி ஓர் அடி வைத்தவர் நின்றுவிட்டார். முன்னறை முழுவதையும் கதவு மேசை அடைத்துக்கொண்டிருந்தது. நோயல் எழுந்து டின்னை நகர்த்தினாலொழிய உள்ளறைக்குப் போக வழியில்லை.

"சம்பூர்ணம்… என்ன சொல்றதுன்னே தெரியல. சாலமன் எங்களுக்கு வேலைக்காரர் இல்ல, ஃபேமிலில ஒருத்தர் மாதிரி. இது நேத்து புட்டிங், அவர் கையால செஞ்சது. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

 நோயல் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனான். சம்பூர்ணம் அவன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இந்த வளையத்த வச்சிட்டு, ஒரு ஜெபம் பண்ணிட்டு நான் கிளம்பறேன். வீட்ல ஆளுங்க வந்துடுவாங்க" என்றார் எஸ்தர் அம்மா.

சம்பூர்ணம் தலையை நிமிர்த்தினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"விருந்தாளிங்க சாப்பிட்டு முடியட்டும்மா."

எஸ்தர் அம்மா திரும்பிப் பச்சைமுத்துவைப் பார்த்தார். அவன் பாத்திரத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

நாலு பேரும் சாப்பிட்டார்கள். புலவு ஐஸ் கட்டியாக இருந்தது. டோரதி தோசைத் திருப்பியால் கறித்துண்டை இரண்டாக்கினாள். முத்தம்மா கையால் பிசைந்து, கண்ணீர் வழிய வழிய முழுங்கினாள். சம்பூர்ணத்துக்கு ஒரு வாய் தொண்டைக்குள் இறங்க ஒரு யுகம் ஆனது. முப்பத்தோரு வருஷம் அவர் இந்த ஆறிய சோற்றை எப்படித்தான் விழுங்கினாரோ. இறங்காவிட்டாலும் விடவில்லை, தண்ணீரைக் குடித்து இறக்கினாள்.

நோயல் முதலில் முடித்தான். மடக்குக் கத்தியையும் கரண்டியையும் சேர்த்து நேராக வைத்தான். டோரதியும் வைத்தாள். முத்தம்மா தட்டிலேயே கை கழுவினாள். மணி பதினொன்று தாண்டியிருக்கும். மூவரும் சம்பூர்ணத்தின் தட்டைப் பார்த்தார்கள்.

"சம்பூர்ணம்" என்றார் எஸ்தர் அம்மா.  "நான் வேணும்னு பண்ணல. எனக்கு அப்ப என்ன செய்யறதுன்னு…"

சம்பூர்ணம் மைதா மூட்டைத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கத்தியைத் தட்டின் இந்தப் பக்கமும் கரண்டியை அந்தப் பக்கமுமாக, நன்றாகத் தள்ளி வைத்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளறையில் தெரிந்த பாதங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர் அம்மா அந்தத் தட்டைப் பார்த்தார். மலர் வளையத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, ஓசைப்படாமல் பின்வாங்கிச் சுவரோரமாக நின்றார்.